புள்ளிக் கணக்கு

பத்தொன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டு வருபவன் நான். கல்முனையிலுள்ள ஒரு கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவருக்குக் கணக்கீடும் வணிகக் கல்வியும் கற்பிப்பது என் தொழில். தவணைப் பரீட்சை முடிந்ததும் விடைத்தாள்களைக் கட்டாகக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னே வைத்து, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளியிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டு வருவேன். மாரி காலத்தில் வெள்ளம் பெருகித் தாம்போதிக்கு மேலே நீர் பாயும். விடைத்தாள்கள் நனையாமலும் நான் நனைந்தும் வீடு வந்து சேர்ந்த நாள்கள் உண்டு.

இப்படிப் பிறருக்குப் புள்ளி போட்டே வயது நாற்பத்தாறு ஆகிவிட்டது. எனக்கென்று ஒருவரும் புள்ளி போட்டதில்லை. 2019ஆம் ஆண்டில் ஒரு வங்கி போடத் தொடங்கிற்று.

அவ்வாண்டில் எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்குக் கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் ஒருவர் வந்தார். என்னிடம் படித்த பையன்தான். ஒரு விண்ணப்பப் படிவத்தை என் முன்னே வைத்து, “சேர், இந்த அட்டையால் நூறு ரூபாவுக்குப் பொருள் வாங்கினால் உங்களுக்கு ஒரு புள்ளி கிடைக்கும்” என்றார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மாணவன் எனக்குப் புள்ளி தருவதாகச் சொல்கிறான். எங்ஙனம் மறுப்பது? கையொப்பம் இட்டேன்.

ஆங்கிலத்தில் அந்த அட்டைக்கு ‘நம்பிக்கை’ என்ற வேர்ப்பொருள் கொண்ட ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுத் தமிழில் அதற்குக் ‘கடனட்டை’ என்று பெயர். ஒளிவு மறைவற்ற பெயர். அப்பெயரை வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவருக்கு நூற்றுக்கு நூறு போடுவேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது பன்னிரண்டாயிரம் புள்ளிகள் சேர்ந்திருந்தன. அவற்றுக்கு ஈடாக வங்கி எனக்கு ஒரு சிறிய ரைஸ் குக்கர் தந்தது. என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாதம் ஐந்நூறு ரூபா உண்டியலில் போட்டிருந்தால் இந்நேரம் இரண்டு வாங்கியிருக்கலாமே” என்றாள். அவள் கணக்கீடு படித்தவள் அல்லள். ஆனாலும் அவள் சொன்ன கணக்கில் பிழை இல்லை.

இந்த அனுபவம் இருந்ததனால்தான், 2024ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ரொறன்ரோவிலிருந்து என் தம்பி தொலைபேசியில் அழைத்துச் சொன்ன செய்தியை நான் முதலில் நம்பவில்லை.

“அண்ணன், ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் பிள்ளைகளோடு சென்னைக்கு வருகிறோம். நீங்களும் மதினியும் அங்கே வந்துவிடுங்கள். கடற்கரையில் பெரிய ஹோட்டல். இரண்டு அறை, இரண்டு இரவு. ஒரு சதமும் செலவில்லை. எல்லாம் புள்ளி.”

எனக்கு ரைஸ் குக்கர் நினைவுக்கு வந்தது. “எவ்வளவு புள்ளி?” என்று கேட்டேன்.

“எண்பதினாயிரம்.”

ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு இருபதினாயிரம் புள்ளி வீதம் என்று விளக்கினான். அங்கே வங்கிகள் புதிதாக அட்டை எடுப்போருக்கு, முதல் மூன்று மாதங்களில் இன்ன தொகை செலவழித்தால் இத்தனை ஆயிரம் புள்ளி என்று ஒரு ‘வரவேற்பு வெகுமதி’ தருகின்றனவாம். அந்தப் புள்ளிகளைப் பெரிய ஹோட்டல் குழுமங்களின் புள்ளிகளாக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டாம். அவன் குரலில் இருந்த பெருமிதத்தைக் கேட்டபோது மேற்கொண்டு கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெருமிதத்துக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

2007ஆம் ஆண்டு. கிழக்கிலே, காலையில் வீட்டை விட்டு வெளியே போன இளைஞன் மாலையில் திரும்புவான் என்பது நிச்சயமில்லாத காலம். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அம்மா இரவெல்லாம் திண்ணையில் விழித்திருப்பாள். அவனை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். அப்பாவின் இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்தோம். அதுவும் போதவில்லை. எனக்கு மணமாகி ஒரு வருடமே ஆகியிருந்தது. நான் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கக் கூடிய நிலையிலும் இல்லை. ஒருநாள் மாலை கல்லூரியிலிருந்து வந்தபோது என் மனைவியின் கைகள் வெறுமையாக இருந்தன. நான்கு காப்புகளையும் பதக்கச் சங்கிலியையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து மேசையின் மீது வைத்திருந்தாள். அவற்றை அடகிலிருந்து மீட்க ஆறு ஆண்டுகள் சென்றன. இரண்டு காப்புகள் மீளவே இல்லை. வட்டி கட்டத் தவறியதால் ஏலத்திற் போயின.

தம்பி இதை மறக்கவில்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “மதினிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை” என்பான். அவளோ, “நீ உயிரோடு இருக்கிறாயே, அது போதாதா?” என்பாள். அந்தப் பேச்சு அத்தோடு முடியும். ஆனால் அவன் மனத்திலே முடியவில்லை. அந்த ஹோட்டல் அறை எதற்காக என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆகவே கடவுச்சீட்டு எடுத்தோம், விசா எடுத்தோம், கல்முனையில் இரவு பேருந்து ஏறினோம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த ஹோட்டல் இருந்தது. பெயர் இங்கே வேண்டியதில்லை. வாயிலில் தலைப்பாகை அணிந்தவர் கைகூப்பினார். என் மனைவி பதறிப்போய்த் தானும் கைகூப்பி, அவர் நிமிரும்வரை தானும் நிமிராமல் நின்றாள். தரை முகம் பார்க்கும் கண்ணாடிபோல் இருந்தது. அறையில் எட்டுத் தலையணைகள். இரண்டு பேருக்கு எட்டுத் தலையணைகள் எதற்கென்று நாங்கள் நெடுநேரம் ஆராய்ந்தும் விடை காண முடியவில்லை. ஆறு தலையணைகளை அவள் மடித்த துணியைப் போல் அடுக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டாள்.

முன்றிற் கதவைத் திறந்தால் கடல். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், “இது நம் கல்முனைக் கடல்தானே?” என்றாள். ஆம், அதே வங்காள விரிகுடாதான். நாவிதன்வெளியிலிருந்து இரண்டு பேருந்து, ஒரு விமானம், ஒரு வாடகைக் கார் எல்லாம் ஏறி, வீட்டிலிருந்து சில மைல் தூரத்திலிருக்கும் கடலைப் பார்க்க வந்திருந்தோம். ஆனால் நம் கடற்கரையில் அவள் ஒருநாளும் இப்படி ஓய்ந்து நின்று கடலைப் பார்த்ததில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். பதினெட்டு ஆண்டுகளில் அவள் சமைக்காத சோற்றை அவள் உட்கார்ந்து உண்ட நாள்களை விரல் விட்டு எண்ணலாம்.

உணவு என்றதும் ஒரு சிறு உண்மை. புள்ளிகள் அறைக்கு மட்டுமே, வயிற்றுக்கு அல்ல. அங்கே ஒரு கோப்பைத் தேநீரின் விலையைப் பட்டியலில் பார்த்துவிட்டு, இலங்கை ரூபாவுக்கு மாற்றி மனக்கணக்குப் போட்டேன். பிறகு நாங்கள் அனைவரும் பெருஞ்சாலையைக் கடந்து, எதிர்ப்புறத்துச் சிறிய கடை ஒன்றில் இட்டிலி உண்டு வந்தோம். தலைப்பாகைக்காரர் அப்போதும் கைகூப்பினார்.

முதல் நாள் இரவு பெண்களும் பிள்ளைகளும் உறங்கச் சென்றபின், நானும் தம்பியும் முன்றிலில் அமர்ந்திருந்தோம். அவன் தன் கைத்தொலைபேசியை எடுத்து, “இதோ பாருங்கள் அண்ணன், எப்படிப் புள்ளி சேர்ந்திருக்கிறது” என்று காட்டினான். மகளின் பூப்புநீராட்டு விழாவுக்கு மண்டபம், அலங்காரம், சாப்பாடு, புகைப்படம் எல்லாவற்றையும் புது அட்டையிலேயே கொடுத்திருந்தான். அந்தச் செலவுதான் வரவேற்பு வெகுமதியைப் பெற்றுத் தந்தது.

அவன் புள்ளிகளைப் பார்க்கச் சொன்னான். என் கண் அதற்கு மேலிருந்த வரிக்குப் போயிற்று. அது தொழிற்குணம். கட்ட வேண்டிய மீதி: 8,000 டொலரும் சில்லறையும். ஆண்டு வட்டி: நூற்றுக்கு 20.99 வீதம்.

“இது என்ன?” என்றேன்.

“அது இருக்கிறது. மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருகிறேன். ஒரு மாதமும் தவறியதில்லை.”

கணக்குக் கூற்றை முழுதாகத் திறக்கச் சொன்னேன். கனடாவில் 2010 முதல் ஒரு விதி உண்டு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் தீர எத்தனை காலம் செல்லும் என்பதை வங்கி மாதந்தோறும் கூற்றிலே அச்சிட்டுக் காட்ட வேண்டும். அந்த வரி இருந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் என்றது. தம்பி அதை ஒருநாளும் வாசித்ததில்லை. புள்ளிகளின் எண்ணிக்கை பெரிய எழுத்திலும் இந்த வரி சிறிய எழுத்திலும் இருந்தன.

அந்தக் குறைந்தபட்சத் தொகை அவன் அட்டைக்கு மீதியில் நூற்றுக்கு மூன்று வீதம், அதாவது 240 டொலர். அதிலே ஏறக்குறைய 140 டொலர் வட்டிக்குப் போய்விடும்; முதலிற் கழிவது நூறுதான். அடுத்த மாதம் மீதி சற்றுக் குறையும். கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் அதற்கேற்பக் குறையும். குறையக் குறைய, கடன் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொள்ளும். மாணவருக்கு இதைக் கரும்பலகையில் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். என் தம்பிக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

அவன் மகளுக்குப் பதினான்கு வயது. அந்தக் கணக்கின்படி அவளுடைய பூப்புநீராட்டு விழாச் செலவு தீரும்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகியிருக்கும்.

நான் இதைச் சொன்னேன். அவன் சிரிக்க முயன்றான். “ஆனால் ஹோட்டல் இலவசம்தானே அண்ணன்” என்றான். இரண்டு அறைக்கு இரண்டு இரவு, கைக்காசு கொடுத்தால் 800 டொலர் ஆகும் என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். விழா நடந்து ஒன்பது மாதங்கள். மாதம் 140க்குக் குறையாத வட்டி. 1,260 டொலர் கொடுத்து 800 டொலர் அறையை வாங்கியிருந்தான்.

அதன்பின் நாங்கள் அதிகம் பேசவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மெத்தை அளவுக்கு மீறி மென்மையாக இருந்ததும் ஒரு காரணம். இந்தப் புள்ளிகளுக்கான பணத்தை உண்மையில் யார் கொடுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

கடனட்டை பழைய பொருள் அன்று. நியூயோர்க்கிலே டைனர்ஸ் கிளப் தொடங்கியது 1950இல். 1958இல் அமெரிக்க வங்கி ஒன்று கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் அறுபதினாயிரம் அட்டைகளைக் கேட்காமலேயே வீடு வீடாகத் தபாலில் அனுப்பிற்று. பின்னாளில் விசா என்று உலகெங்கும் அறியப்பட்டது அந்த அட்டைதான். வெகுமதிப் பழக்கமோ அதனிலும் பழையது. அமெரிக்கக் கடைகள் 1896 முதலே வாடிக்கையாளருக்குப் பச்சை முத்திரைகள் கொடுத்து, அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் பொருள் தந்து வந்தன. விமானப் பயணிகளுக்கு மைற் கணக்கை அமெரிக்கன் எயர்லைன்ஸ் 1981இல் தொடங்கிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள், 1983இல், ஹொலிடே இன், மேரியட் ஆகிய ஹோட்டல் நிறுவனங்கள் அதே வழியில் இறங்கின. தம்பியின் எண்பதினாயிரத்துக்கு வம்சாவளி இதுதான்.

ஆனால் முத்திரையாயினும் புள்ளியாயினும் வானத்திலிருந்து விழுவதில்லை. நாம் அட்டையை நீட்டும்போது கடைக்காரர் விலையில் ஒரு பங்கை வங்கிப் பக்கத்துக்குக் கட்டணமாக விட்டுக் கொடுக்கிறார். அவர் அதைத் தன் வீட்டிலிருந்து கொடுப்பதில்லை. பொருளின் விலையிலே சேர்க்கிறார். அந்த விலையை, அட்டையே இல்லாமல் கைக்காசு கொடுத்துப் பால்மா வாங்கும் கூலித் தொழிலாளியும் கொடுக்கிறான். 2010இல் பொஸ்ரன் நகர மத்திய வங்கியின் ஆய்வாளர் மூவர் இதை அமெரிக்காவுக்குக் கணக்கிட்டார்கள். கைக்காசு கொடுக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டொன்றுக்குச் சராசரி 149 டொலரைத் தன்னை அறியாமலே அட்டைக்காரக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது என்றும், அட்டைக்காரக் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டொலர் பெறுகிறது என்றும் கண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இந்தக் கட்டணத்தில் அட்டை கொடுக்கும் வங்கிக்குப் போகும் பங்கைக் கடனட்டைகளுக்கு நூற்றுக்கு 0.3 வீதத்துக்கு மேல் போகலாகாதென்று மட்டுப்படுத்திற்று. அங்குள்ளவர்களுக்கு எண்பதினாயிரம் புள்ளிக் கதைகள் அவ்வளவாகக் கிடைக்காமற் போனதில் வியப்பில்லை.

மற்றொரு பங்கு வட்டியிலிருந்து வருகிறது. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டிவிடுபவன் வட்டியே இன்றிப் புள்ளியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். கட்ட இயலாதவன் அவனுக்கும் சேர்த்துக் கட்டுகிறான். என் ரைஸ் குக்கரில் யாரோ ஒருவருடைய வட்டி இருந்திருக்கும். இதை எண்ணியபோது எனக்கு அந்தக் குளிரூட்டிய அறையிலும் வியர்த்தது.

அப்போது, பல ஆண்டுகளாக நினைக்காத ஒருவர் நினைவுக்கு வந்தார். நான் சிறுவனாயிருந்த காலத்தில் கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி அவர். அப்பா அவரைக் ‘காக்கா’ என்று அழைப்பார். ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையே எங்கள் வீட்டுக்குத் துணி எல்லாம் அவர் கடையிலிருந்து கடனுக்கு வரும். அவரிடம் சிவப்பு மட்டை போட்ட நீள்கொப்பி ஒன்று இருந்தது. அதில் அப்பாவுக்கென்று ஒரு பக்கம். வெள்ளாமை வெட்டிச் சூடடித்து நெல் விற்றதும், அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கிட்டங்கியைக் கடந்து போவார். காசை எண்ணிக் கொடுத்ததும் முதலாளி அந்தப் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுப்பார். அதன்பிறகுதான் தேநீர் வரும். அதன்பிறகுதான் எனக்கு ஒரு சட்டைத் துணி கிழிபடும், அதற்குக் காசில்லை. கடன் விலை கைக்காசு விலையை விடச் சற்றுக் கூடத்தான் இருந்திருக்கும். அவரும் வணிகர்தான், தருமசாலை நடத்தவில்லை. ஆனால் ஒருமுறை, முன் போகத்துக் கணக்கு பாதி நிற்கும்போது, அப்பா அம்மாவுக்கு விலை கூடிய சேலை ஒன்றை எடுக்கக் கைவைத்தார். முதலாளி அந்தச் சேலையை மெதுவாக மடித்து மேல்தட்டில் வைத்துவிட்டு, “இது இப்போது வேண்டாம் தம்பி. கோடு போட்ட பிறகு எடுப்போம்” என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்தது. வீடு வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. அந்தச் சேலை அடுத்த போகத்தில் வந்தது.

கோடு போட்ட பிறகு வெகுமதி என்பது அந்தக் கடையின் வழக்கம். என் தம்பியின் அட்டையிலோ வெகுமதி முந்திக்கொண்டு வந்துவிட்டது. கோடு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு அப்பால் நின்றது. சேலையை மடித்து மேல்தட்டில் வைக்க அங்கே ஒரு கை இல்லை.

விடிந்ததும் தம்பியைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். இரவெல்லாம் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. “விழாவுக்கு ஐயாயிரம் என்றாய். மீதி மூவாயிரம் எது?”

“பழையது.”

“எந்தப் பழையது?”

அவன் கடலைப் பார்த்தான். “2022இல் கொஞ்சம் அனுப்பினேன் அல்லவா?”

2022ஆம் ஆண்டை நம் நாட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். ரூபாவின் பெறுமதி சில வாரங்களில் பாதியாகச் சரிந்தது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. உரமில்லாமல் விளைச்சல் வீழ்ந்தது. மற்றவருக்குக் கணக்கீடு கற்பிக்கும் நான், அந்த ஆண்டில் ஏழு மாதங்கள் என் அட்டையிலும் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வங்கிகள் வட்டியை ஏற்றிக்கொண்டே போயின. அம்மா வேறு மருத்துவமனையில் இருந்தாள். அப்போது தம்பி ஆயிரம் டொலர் அனுப்பினான். நான் என் அட்டைக் கடனைத் தீர்த்துப் பெருமூச்சு விட்டேன். அவனிடம் சேமிப்பு இருக்கிறது என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அவன் அதை அட்டையிலிருந்து ரொக்கமாக எடுத்து அனுப்பியிருந்தான். பொருள் வாங்கினால் வட்டியில்லாத சில நாள்கள் உண்டு; ரொக்கம் எடுத்தால் எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும். என் கடன் தீரவில்லை, கடல் தாண்டி அவன் கணக்கிற் போய்க் குந்தியிருந்தது. பிறகு அந்த மீதியைப் புது அட்டைக்கு மாற்றியிருக்கிறான். அதன்மேல் விழா, விழாவின்மேல் புள்ளி, புள்ளியின்மேல் எட்டுத் தலையணைகள்.

“ஏன் சொல்லவில்லை?” என்றேன்.

“நீங்கள் காப்பு அடகு வைத்ததை எனக்குச் சொன்னீர்களா?” என்றான்.

பின்னால் என் மனைவி நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. எவ்வளவு கேட்டிருந்தாளோ, தெரியாது. செருப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றாள்.

“தம்பி, அந்தக் காப்பை நான் கழற்றியது நீ உயிரோடு இருப்பதற்காக. அதை நீ எனக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை. தருவதற்கு அது கடன் இல்லை” என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, “அம்மாவின் மருந்துக்கு இவன் மாதம் எவ்வளவு அனுப்புகிறான்?” என்று கேட்டாள்.

“150 டொலர்.”

“இனி அதை நாம் பார்ப்போம். இவன் அதை அங்கே கட்டட்டும்.”

அது எங்களுக்கு எளிதன்று என்பதைக் கணக்குத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன். ஆயினும் அந்தக் காலையில் நான் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அறைக்கு வந்தோம். மேசைமீது ஹோட்டலின் பெயர் பொறித்த தாளும் சிறு பென்சிலும் இருந்தன. அவையும் புள்ளிக்குள் அடக்கம். தாளின் நடுவே கோடிட்டு இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம், குறைந்தபட்சத் தொகை, இருபத்து நான்கு ஆண்டு. வலப்பக்கம், மாதம் 500 டொலர் வீதம் குறையாமல் கட்டினால், பத்தொன்பது மாதம். முன்பு கட்டிய 240. அம்மாவின் மருந்துக்கு அனுப்பிய 150. மற்றும் 110 டொலர். அந்த 110 எங்கிருந்து வரும் என்று தம்பியின் மனைவி கேட்டாள். முதல்நாள் வரை கடனின் அளவு அவளுக்கும் தெரியாது. அவர்கள் இருவரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். தொலைக்காட்சி இணைப்பு ஒன்றும், வெளியே உண்ணும் சனிக்கிழமைகளும் நின்றுபோகும் என்று முடிவாயிற்று. தாளின் அடியில் பத்தொன்பது சதுரங்கள் வரைந்து கொடுத்தேன். மாதம் கட்டியதும் ஒரு சதுரத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு.

மற்றோர் இரவு மீந்திருந்தது. உடனே வெளியேறிவிடலாமா என்று நான் கேட்டேன். பதிவை நீக்கினாலும் அந்த இரவின் புள்ளிகள் திரும்பி வாரா என்றான் தம்பி. “வராதென்றால் பிறகு என்ன? பிள்ளைகள் நீச்சற் குளத்தில் இன்னும் இறங்கவில்லையே” என்றாள் என் மனைவி. அன்றிரவு மூலையில் அடுக்கிய ஆறு தலையணைகளில் ஒன்றை எடுத்துக் காலுக்கு வைத்துக்கொண்டு நன்றாக உறங்கினாள்.

அந்தத் தாள் இப்போது ரொறன்ரோவிலுள்ள தம்பி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. மாதந்தோறும் அதைப் படம் பிடித்து அனுப்புகிறான். இதுவரை பதின்மூன்று சதுரங்களிற் கோடு விழுந்திருக்கிறது. இடையில் ஒரு மாதம், கார் பழுதானதால், சதுரம் வெறுமையாக நின்றது. அந்த மாதப் படத்தை அவன் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கோடு விழுந்த படம் வந்தது. அம்மாவின் மருந்துச் செலவுக்காக நான் சனிக்கிழமைகளில் மத்தியமுகாமில் ஒரு வகுப்பு எடுக்கிறேன். என் அட்டையை வங்கியில் ஒப்படைத்துவிடவில்லை; அப்படிச் செய்தேன் என்றால் கதை நன்றாக இருக்கும். வைத்திருக்கிறேன். மாத முடிவில் முழுவதையும் கட்டிவிடுகிறேன். புள்ளி சேர்கிறது. யாருடைய வட்டியோ என்ற எண்ணமும் கூடவே சேர்கிறது.

விடுமுறை முடிந்து கல்லூரி தொடங்கிய வாரத்திலே, வட்டிக் கணக்குப் பாடத்துக்கு இந்த உதாரணத்தையே கரும்பலகையில் எழுதினேன். பெயர் சொல்லவில்லை, ‘வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர்’ என்றேன். 8,000 டொலர், 20.99 வீதம், இடப்பக்கம் இருபத்து நான்கு ஆண்டு, வலப்பக்கம் பத்தொன்பது மாதம். பிள்ளைகள் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் மருதமுனையிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தினாள்.

“சேர், இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த பிறகும் அவர்கள் இரண்டாம் இரவு அந்த ஹோட்டலிலேயே தங்கினார்களா?”

“தங்கினார்கள்” என்றேன்.

“நன்றாக இருந்ததாமா?”

வகுப்பு முழுவதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. எட்டுத் தலையணைகளைப் பற்றிச் சொன்னேன்.